மாலாவுடன் ஒன்பது வருஷம்

மே 27, செவ்வாய்

ரேணு போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த டைரி இத்தனை நாள் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது. ஹார்ட் டாக்டரம்மா தினமும் ப்ரெஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். முழுப் பக்கம் காலியாக இருக்கும்போது வெறும் ப்ரெஷரை மட்டும் எழுதுவானேன்? என் வயிற்றெரிச்சலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன வாரம் வடகம் பிழிய மாவுச்சட்டியோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். பாதிப் படியில் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல்தான் இருந்தேன். மாவு ஏன் இன்னும் மாவாகவே இருக்கிறது என்று இவர் விசாரணை நடத்தி உண்மையைக் கறந்துவிட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சந்தானகிருஷ்ணன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் ஃபியூஸ் போனாலும் ஓடிப் பழகியவர், என் நெஞ்சை மட்டும் விடுவாரா?

டாக்டர் பெயர் ஷமீமா. எங்கள் ரேணு வயசுதான் இருக்கும். என் முகத்தைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். பதில் சொன்னது இவர். வலி எப்படி இருக்கிறது, சர்க்கரை எத்தனை வருஷமாக, தூக்கம் வருகிறதா, அப்பா எதில் போனார், எல்லாவற்றுக்கும் இவர்தான். என் அப்பா போன தேதியைக்கூட என்னைவிடச் சரியாகச் சொன்னார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை என் முதுகில் வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னபோது, இவரும் இழுத்து விட்டார்.

கடைசியில் டாக்டரம்மா, கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை என்று ஏதாவது நாள்பட எடுத்ததுண்டா என்று கேட்டார். அதிசயம், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானே பதில் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

சொன்னது பொய்.

ப்ரெஷர் 150/90. மிஷின் புதுசு. என்னோடு இன்னும் பழகவில்லை.

மே 28, புதன்

ப்ரெஷர் 146/88. உப்பைக் குறைத்தாயிற்று. ஊறுகாயை நிறுத்தியாயிற்று. மோர்சாதத்துக்கு ஒரே ஒரு துண்டு நார்த்தங்காயை நக்கினேன், அது கணக்கில் வராது.

மே 30, வெள்ளி

எங்கள் பழைய டெலிபோன் ஆபரேட்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு ஆள், வாலிபத்தில் கருத்தடை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கெல்லாம் வயசான காலத்தில் மாரடைப்பு கதவைத் தட்டும் என்கிறான். குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பருப்பு அடிப்பிடித்த பிறகுதான் சுதாரித்தேன்.

சரி, இந்த டைரியிடம் என்ன ஒளிவுமறைவு? மாலாவைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

எண்பத்தெட்டில் ரேணு பிறந்தாள். பிள்ளை வந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. என் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிழைத்து எழுந்து, திரும்பவும் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்தபோது, இனி ஒரு பிரசவம் இந்த உடம்புக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். என் மாமியார் வேறு முடிவு செய்திருந்தார். மகன் பேரிலேயே சந்தானம் இருக்கும்போது, ஒற்றைப் பொம்பளைப் பிள்ளையோடு நின்றால் ஊர் சிரிக்காதா என்பார். இவரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஊரெல்லாம் எனக்காகப் பதில் சொல்கிற மனுஷன், அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

நானே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, தினமும் ஒன்று, மறக்காதே என்றார். அட்டையில் பெயர் அச்சடித்திருந்தது: மாலா. அரசாங்கம் யோசித்துத்தான் பெயர் வைத்திருக்கிறது. அன்று சாயங்காலம் எங்கே போய் வருகிறாய் என்று மாமியார் கேட்டபோது, கூட வேலை பார்க்கிற மாலா வீட்டுக்கு என்று வாயில் வந்துவிட்டது.

அப்படிப் பிறந்தவள்தான் மாலா. அட்டை தீரும்போதெல்லாம் மாலாவைப் பார்க்கப் போனேன். மாத்திரையைத் தையல் மிஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் வைத்தேன். மாலாவையோ ஊருக்கே தெரியும்படி வளர்த்தேன். அவள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை கொடுத்தேன். இரட்டைப் பிள்ளைகள் கொடுத்தேன், ஒன்றுக்கு மாறுகண். என் மாமியார் அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டு விளக்குப் போட்டார். என்னைப் பழனிக்குக் கூட்டிப்போய்த் தொட்டில் கட்ட வைத்தார். பயபக்தியோடு கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைய மாத்திரையை விழுங்கினேன். முருகன் பாவம், யார் பேச்சைத்தான் கேட்பார்?

தொண்ணூற்றெட்டில் இவருக்கு மேட்டூருக்கு மாற்றலாகி, மாதத்துக்கு ஒரு தரம் வந்து போகிற மாதிரி ஆனது. வந்தாலும் தூங்குவதற்கே நேரம் சரியாக இருந்தது. மாலாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவளுக்குச் சேலம் மாற்றலாகிவிட்டது என்று சொல்லிக் கதையை முடித்தேன்.

முடிந்ததென்று நினைத்திருந்தேன். அந்த வெள்ளைக் கோட்டு சொல்வது நிஜமென்றால், இந்த நெஞ்சுவலி நானே கூப்பிட்டு வைத்துக்கொண்டது. டாக்டரம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்ல வேண்டுமானால் இவர் அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டும். இவர் எங்கே போகப் போகிறார்? கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஒரு மகன் இருந்திருக்கலாம் என்று இவருக்கும் ஆசை இருந்திருக்கும். வாயைத் திறந்து சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஜூன் 1, ஞாயிறு

ஓசூரிலிருந்து ரேணு போன் பண்ணினாள். நீர்க்கட்டிக்காக அவளுக்கும் டாக்டர் அதே ஜாதி மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றோடு நிறுத்து என்றேன். ஏன் என்றாள். ஏனென்று நான் எப்படிச் சொல்வது? வீடியோவை அனுப்பி வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"அம்மா, அந்தாளு டாக்டரே இல்ல. கடைசி வரைக்கும் பாத்தியா? மூலிகை எண்ணெய் விக்கிறான்."

கடைசி வரைக்கும் நான் பார்க்கவில்லை. பருப்பு கருகிவிட்டது. உன் ஹார்ட் டாக்டரிடமே கேட்டுச் சொல், அதுவரை நான் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பனுக்குத் தப்பாத பிடிவாதம். ஆகமொத்தம் இப்போது இரண்டு நெஞ்சுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

ப்ரெஷர் 154/92.

ஜூன் 3, செவ்வாய்

ட்ரெட்மில் டெஸ்ட். சேலையோடு வந்து நின்ற என்னை ஒரு பையன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேண்ட் ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னான். அறுபத்திரண்டு வயதில் பேண்ட் போட்டு ஓடினேன். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இவரும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மிக்கல் திரும்ப வந்து உட்கார்ந்தது. நிறுத்திவிட்டார்கள்.

அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோ செய்து பார்த்துவிடலாம், மணிக்கட்டு வழியாகத்தான், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. தேதி 11.

எனக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. தலை சுற்றுகிறது, டீ வேண்டும் என்று இவரை வெளியே அனுப்பினேன். கதவு மூடியதும் "டாக்டர், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் டாக்டரம்மாவுக்குப் போன் வந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் இவர் மூன்று டீயோடு நிற்கிறார், டாக்டரம்மாவுக்குச் சர்க்கரை கம்மியாக.

வரும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே திடீரென்று கேட்டார்.

"உனக்கு மாலாவைப் பாக்கணும் போல இருக்கா?"

பின்சீட்டில் இருந்த நான் விழாமல் வீடு வந்து சேர்ந்ததே பெரிசு. எந்த மாலா என்றேன். உன் கூட வேலை பார்த்தவள்தான், இரட்டைப் பிள்ளைக்காரி, ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில் பழைய ஆட்களைப் பார்த்தால் தெம்பாக இருக்குமே, மனசில் இருக்கிறதையும் கொட்டலாமே என்றார். அவள் எங்கே இருக்கிறாளோ, எப்படி இருக்கிறாளோ என்று நான் பெருமூச்சு விட்டு வைத்தேன். பெருமூச்சு கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 4, புதன்

எதிர்வீட்டு ரோஸ்மேரி டீச்சர் அவர்கள் மரத்து முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு மாலா விஷயத்தில் இவர் மேல் கோபம். வேண்டுமென்றே முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தவர், சத்தமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி சாப்பிடப் போய்விட்டார்.

மனுஷனுக்கு முருங்கைக்காய் என்றால் அப்படி ஒரு வெறுப்பு. எல்லாம் என் மாமியார் செய்த வேலை. தொண்ணூற்று மூன்று வாக்கில் அவருக்கு என்ன தோன்றியதோ, மகனுக்கு முருங்கையாகவே போட ஆரம்பித்தார். காய் சாம்பார், கீரை அடை, பூவைப் பாலில் வேகவைத்து ஒரு டம்ளர். அது போதாதென்று ஒரு வைத்தியரிடம் வாங்கிய கறுப்பு லேகியம் வேறு, காலையும் மாலையும். இவரும் வாயைத் திறக்காமல் விழுங்குவார். நான் உள்ளுக்குள் சிரிப்பேன். ஒரு நல்லது என்னவென்றால், என்னைப் பிடுங்குவதை மாமியார் அந்த வருஷத்தோடு அடியோடு விட்டுவிட்டார். சில நேரம் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்கிற மாதிரி தலையைக்கூடத் தடவுவார். பழனித் தொட்டில்தான் அவர் மனசை ஆற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

சாம்பார் பிரமாதம். தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

ப்ரெஷர் 158/94. இவர் மொட்டைமாடியில் நின்று யாரிடமோ "மாலா, மாலா" என்று போனில் கத்துகிறார். என்னைக் கண்டதும் கரண்ட் பில் பற்றிப் பேசுகிற மாதிரி பேச்சை மாற்றுகிறார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று மாலா வந்தாள்.

விலா வலிக்கிறது. மத்தியானத்திலிருந்து சிரித்ததில்.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. இவர் வீட்டுக்குள் ஓடிவந்து, கண்ணை மூடு, யார் வந்திருக்கிறார்கள் பார் என்றார். என் கண்ணை மூடச் சொன்னால் எப்படிப் பார்ப்பது என்று கேட்பதற்குள் ஒரு அம்மாள் உள்ளே வந்துவிட்டார். கனத்த உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கையில் ஒரு பை நிறைய கொய்யா. "இந்தா, உன் மாலா" என்று இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அந்த அம்மாளை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவரும் அதே மாதிரிதான் என்னைப் பார்த்தார். ஆபரேட்டராக இருந்தபோது இரண்டு லைன் சிக்கிக்கொண்டால் யோசிக்காமல் கை தானாக ஒன்றைப் பிடுங்கும். அந்தக் கைதான் இன்றும் வேலை செய்தது. ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். காதுக்குள், "என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

ஒரு விநாடி அவர் உடம்பு விறைத்தது. அப்புறம் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "எப்படி இளைச்சுட்ட அம்சவேணி" என்றார். எழுபத்தெட்டு கிலோ இருக்கிற என்னைப் பார்த்து.

இவர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து எதிரில் உட்கார்ந்தார். இரட்டைப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று முதல் கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு விரலைக் காட்டினேன். நல்லா இருக்குதுக, ஒண்ணு கனடால இருக்கு என்றார். மாறுகண் சரியாகிவிட்டதா என்றார் இவர். எந்தப் பிள்ளைக்கு என்று அவர் கேட்க, அதுதான் ஒண்ணுக்கு என்று நான் இழுக்க, கனடால போய் ஆபரேஷன் பண்ணிட்டோம் என்று முடித்துவிட்டார். வீட்டுக்காரர் ரயில்வேதானே என்றார் இவர். ஆமா, ரயில்வேயிலேயே போய்ச் சேர்ந்துட்டார் என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இவர் எழுந்து போய் மிக்சர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். போகும்போது தோள் குலுங்கியது. அழுகிறார் போலிருக்கிறது, இளகிய மனசு.

கேட் சாத்திய சத்தம் கேட்டதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்தார்.

"இப்பச் சொல்லு. யாரு நீ, நான் யாரு?"

அவர் பெயர் மாலாதேவி. ஒட்டன்சத்திரம் எக்ஸ்சேஞ்சில் இருந்து ரிட்டயர் ஆனவர். திண்டுக்கல்லில் ஆறு மாதம்தான் இருந்தாராம். மாலா என்ற தோழியை என் மனைவி பார்க்க ஆசைப்படுகிறாள், உடம்பு சரியில்லை என்று இவர் பென்ஷன்காரர்கள் குரூப் ஒன்று விடாமல் போட்டிருக்கிறார். எனக்கு உன்னை ஞாபகம் இல்லை, ஆனால் முடியாமல் கிடக்கிற ஒருத்தி கூப்பிடும்போது ஞாபகம் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை என்றார்.

சொன்னேன். நர்ஸம்மா, தையல் மிஷின், தொட்டில், வீடியோ, ஆஞ்சியோ எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு ஆளிடம் சொல்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார்.

"அடிப்பாவி, நானும் அஞ்சு வருஷம் அவளோடதான் குடித்தனம் பண்ணேன். எங்க ஊரு நர்ஸ், மாலாவுக்கே மாலாவான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுச் சிரிக்கும்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு நெஞ்சு வலி வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை. அவருக்கு நெஞ்சு எப்படி என்று கேட்டேன். கல்லு மாதிரி இருக்கு, முழங்கால்தான் போச்சு என்றார். ஆனா அது எனக்கு, உனக்கு எப்படின்னு டாக்டர்தான் சொல்லணும், நீ மறைச்சா அவங்க எதை வச்சுச் சொல்லுவாங்க என்றும் சொன்னார். போகும்போது என் தாடையைப் பிடித்து, அவரு பக்கத்துல இருந்தா இருக்கட்டும், சொல்லிடு என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

நாளைக்கு ஆஞ்சியோ. டாக்டரிடம் சொல்லப் போவதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். "ஆமாங்க டாக்டர், ஒன்பது வருஷம் சாப்பிட்டேன், இவருக்குத் தெரியாது." மூன்றாவது தரம் கொஞ்சம் கம்பீரமாகவே வந்தது. ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆஞ்சியோவுக்கு இல்லை.

ஜூன் 11, புதன்

இடதுகையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் கட்டு. கையெழுத்தைப் பார்த்தால் ரேணு ஒன்றாம் வகுப்பில் எழுதிய மாதிரி இருக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் பச்சை உடுப்பு மாட்டிப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா வந்தார். இவர் கட்டில் ஓரத்தில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இன்னொரு தரம் கேட்டுக்கொள்கிறேன் என்று டாக்டரம்மா பேப்பரைப் புரட்டினார். சர்க்கரை, ப்ரெஷர், அப்பா. அப்புறம் அந்தக் கேள்வி.

நான் மூச்சை இழுத்தேன். ஒத்திகை பார்த்த வசனம் நாக்கு நுனியில் நிற்கிறது.

"எடுத்திருக்கா டாக்டர்," என்றார் இவர். "எம்பத்தொம்பதுல இருந்து தொண்ணூத்தெட்டு வரைக்கும். கவர்ன்மென்ட் மாத்திரை, மாலா. நடுவுல மஞ்சக்காமாலை வந்து அவங்க அம்மா வீட்டுல இருந்தப்ப மூணு மாசம் மட்டும் எடுக்கல."

இழுத்த மூச்சு இழுத்தபடியே நின்றுவிட்டது. மஞ்சள்காமாலையை நானே மறந்திருந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து, அப்படியாம்மா என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். வேறென்ன சொல்ல?

தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது எனக்குப் பயமே இல்லை. அத்தனையும் ஆத்திரம். முப்பத்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த ஒரே ஒரு பதில், அதையும் இந்த மனுஷனே சொல்லிவிட்டார். ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். ஒரு குழாயில் பாதிக்கும் குறைவான அடைப்பு. ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரையும் நடையும் போதும். நான் அந்த மாத்திரையால்தானா இது என்று கேட்க வாயெடுத்தேன். இவர் வாயும் திறந்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

"அந்த மாத்திரையாலயா டாக்டர் இது?"

"இல்லைம்மா. அதைச் சாப்பிடுற காலத்துல சிலருக்கு ப்ரெஷர் ஏறும், சிலருக்கு ரத்தம் உறையும். புகை பிடிக்கிறவங்களுக்கும் ஏற்கெனவே ப்ரெஷர் இருக்கிறவங்களுக்கும் அப்ப ஆபத்து ஜாஸ்தி. நிறுத்தினதுக்கு அப்புறம் அது இறங்கிடும். நீங்க நிறுத்தி இருபத்தேழு வருஷம் ஆச்சு. இந்த அடைப்புக்கு உங்க சர்க்கரையும் ப்ரெஷரும் உங்க அப்பா வழியும் போதும்."

"ஊறுகாயும்," என்றார் இவர்.

ரேணுவைப் பற்றிக் கேட்டேன். அவள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம், அவ்வப்போது ப்ரெஷர் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதை எந்த டாக்டரிடமும் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆட்டோவில் வீடு வரும்வரை இவரோடு பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் இவரே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுறது யாரு?"

இவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். தொண்ணூறில் ஒருநாள் நல்ல மழையில் என்னைக் கூட்டிப்போக எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாராம். நான் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன். மாலாவிடம் கேட்டால் தெரியும் என்று விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு ஆளே இங்கே கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாள் இவருக்குச் சோறு இறங்கவில்லை, என்னென்னவோ நினைத்துவிட்டாராம்.

"மூணாவது நாள் மிஷின் டிராயர்ல அட்டையைப் பாத்தேன். பேரைப் படிச்சதும் அப்பாடான்னு இருந்துச்சு. ஓ, இதுதானா அந்த மாலான்னு."

அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய் என்றார். ரேணு பிறந்தபோது ரத்தம் ஏற்றிய பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இவராம், ஸ்டாண்டு உடைந்திருந்ததாம். அது எனக்குத் தெரியாது. இன்னொரு தரம் அப்படி நிற்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னைச் சுற்ற விட்டு வேடிக்கை பார்த்தீர்களே என்றேன். முதல் நாளே நீயாகச் சொல்வாய் என்றுதான் தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டிருந்தேன், நீ இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டாய், டாக்டரிடம் பொய் சொன்னால் வைத்தியம் எப்படி நடக்கும், மாலா பேரை எடுத்தாலாவது வாயைத் திறப்பாய் என்று பார்த்தேன் என்றார். நிஜமாகவே ஒரு மாலா கிளம்பி வருவாள் என்று இவரும் எதிர்பார்க்கவில்லையாம்.

"நீ ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்ச பாரு, எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு."

அன்று மிக்சர் வாங்கப் போகும்போது தோள் குலுங்கியது அழுகையில் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, நல்லவேளை, உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று, தெரிந்திருந்தால் என்னை அந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார் என்றேன். இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா உன்னை அடுத்த பிள்ளைக்கு ஜோசியம் பாக்கக் கூட்டிட்டுப் போகணும்னு நின்னாங்க. எனக்கு வேற கட்டி வைக்கிறதாவும் பேச்சு வந்துச்சு. அதான், மதுரையில போய் டெஸ்ட் பண்ணிட்டேன், குறை எங்கிட்டதான்னு சொல்லிட்டேன்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. தொண்ணூற்று மூன்று. மாமியார் என் தலையைத் தடவியது. காய் சாம்பார், கீரை அடை, பூப்போட்ட பால், கறுப்பு லேகியம். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றது. எதிரில் உட்கார்ந்து உள்ளுக்குள் சிரித்தவள் நான். அம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டை என்று எழுதியிருக்கிறேனே, அந்த வாயில் இருந்தது கொழுக்கட்டை இல்லை.

அழுதேன். அழக்கூடாது, கட்டு நனையும் என்றார். கையில்தானே கட்டு, கண்ணிலா என்றேன்.

"முருங்கைக்காய்கூடத் தாங்கிடலாம்டி. அந்த லேகியம்தான்."

ஜூன் 15, ஞாயிறு

ரேணுவிடம் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். எங்கள் கதையையும் சொன்னேன். அரைமணி நேரம் சிரித்துவிட்டு, அப்பாவிடம் போனைக் கொடு என்றாள். அப்பனும் மகளும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. மாலாதேவி அடுத்த வாரம் வருகிறார், முழங்காலைப் பார்க்க இங்கே ஒரு டாக்டரிடம் காட்டவேண்டுமாம். இவர்தான் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்விக்கெல்லாம் அந்த அம்மாளாவது பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

ப்ரெஷர் 130/82. நார்த்தங்காய் ஜாடியை இவர் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார். தையல் மிஷின் டிராயரில்கூடத் தேடிவிட்டேன்.

மத்தியானம் ரோஸ்மேரி டீச்சர் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வாசலில் நின்றார். பிஞ்சாக இருக்கிறது, உடம்புக்கு நல்லது, வீட்டுக்காரருக்கும் வைத்துக் கொடுங்கள் என்றார். இவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பருக்குப் பின்னால் அசைவே இல்லை.

நான் கட்டை வாங்கி, திரும்ப அவர் கையிலேயே வைத்தேன்.

"வேண்டாம் டீச்சர். எங்க வீட்டுல என் பங்கையும் சேத்து அவரே சாப்பிட்டுட்டாரு."